பெரியப்பாவின் வேகத்துக்கு ஒரு கேசட்

போன மாதம் என் மகள் தன் போனில் ஒரு பாட்டைப் போட்டுக் காட்டினாள். வெளிநாட்டுப் பாட்டுக் குழு ஒன்றின் புது ஆல்பம். அதில் இருப்பவர்களுக்கு இப்போது நம் வயது இருக்கும். ஐந்தாறு வருஷம் கூடவே இருக்கலாம். நடுவில் பல காலம் வயலின் வரிசை, பின்னணிக் குரல், கம்ப்யூட்டர் சத்தம் என்று பெரிது பெரிதாகப் போனவர்கள், இந்த ஆல்பத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இரண்டு கிதார், ஒரு பேஸ், ஒரு டிரம்ஸ் என்று தொடங்கிய இடத்துக்கே வந்துவிட்டார்களாம். அதைப் பாராட்டி யாரோ எழுதியிருந்ததை மகள் வாசித்தாள். துணிச்சலான முடிவு, முதிர்ந்த கலைஞர்களின் தெளிவு என்றெல்லாம் இருந்தது. எனக்கு அதைக் கேட்டதும் தோன்றியது ஒன்றுதான். இவர்களில் யாருக்கு உடம்பு சரியில்லை?

வாய்விட்டே கேட்டுவிட்டேன். மகள் சிரித்தாள். உனக்கு எதைக் கேட்டாலும் நோய்தான் ஞாபகம் வருமா என்று சொல்லிவிட்டு போனை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அவளுக்குச் சொல்வதென்றால் கேசட் என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டும். உங்களுக்கு அது வேண்டியதில்லை. ஒரு பக்கம் ஓடி முடிந்து, டக்கென்று பொத்தான் மேலே எழும்பும் சத்தம் உங்கள் காதிலும் இருக்கும். அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

அப்போது நான் ஆறாம் வகுப்பு. மன்னார்குடியிலிருந்து திருத்துறைப்பூண்டி போகும் வழியில், சாலையை விட்டு வாய்க்கால் கரையோடு உள்ளே நடந்தால் எங்கள் ஊர். மாதா கோயில், அதை ஒட்டிப் பள்ளிக்கூடம், அதற்குப் பின்னால் ஞாயிற்றுக்கிழமை ஞானோபதேச வகுப்பு நடக்கும் ஓட்டுக் கொட்டகை. அப்பா அந்தப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். ஆனால் சுற்று வட்டாரத்தில் அவரை வாத்தியாராகத் தெரிந்தவர்களைவிட ஆர்கெஸ்ட்ராக்காரராகத் தெரிந்தவர்களே அதிகம். கல்யாணம், கோயில் திருவிழா, கொடியேற்றம், கட்சி மாநாடு, எதுவானாலும் எங்கள் குழுதான் வரும்.

குழு தொடங்கியபோது நான் பிறக்கவே இல்லை. அப்போது அவர்கள் நாலு பேர். அப்பா கிதார் வாசித்துக்கொண்டே பாடுவார். அம்மாவும் கிதார். நாகப்பட்டினத்தில் கன்னியர் மடத்து விடுதியில் தங்கிப் படித்தபோது ஒரு சிஸ்டரிடம் கற்றுக்கொண்டது. அப்பாவின் அண்ணன், என் பெரியப்பா, டிரம்ஸ். நாலாவது ஆள் கூத்தாநல்லூர் மாமா. அந்த ஊர் பாய்கள் வீட்டுக்கு ஒருவராவது கடல் கடந்து போயிருப்பார்கள் அல்லவா, மாமாவும் இளவயதில் சிங்கப்பூரில் ஒரு துணிக்கடையில் இருந்தவர். அங்கே பொழுது போகாமல் ஒரு மலாய்க்காரரிடம் பேஸ் கிதார் கற்றுக்கொண்டு, ஊருக்குத் திரும்பும்போது அதையும் கையோடு கொண்டு வந்துவிட்டார். கொண்டு வந்தவருக்கு அதைச் சேர்ந்து வாசிக்க ஆள் கிடைத்தது எங்கள் ஊரில்.

அந்த நாலு பேரும் சினிமாப் பாட்டு வாசிக்கவில்லை. அப்பாவே எழுதி மெட்டுப் போட்டவை. வாய்க்காலில் முதல் தண்ணீர் வருவதைப் பற்றி ஒன்று, கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவனைப் பற்றி ஒன்று, கம்பி கட்டி ஓட்டிய ஓட்டை சைக்கிளைப் பற்றி ஒன்று. சொந்தப் பாட்டுக்குக் கூட்டம் எத்தனை நாள் நிற்கும்? சினிமாப் பாட்டு கேட்டார்கள். அதற்கு டிரம்பெட் வேண்டியிருந்தது, தபேலா வேண்டியிருந்தது, சினிமாக் குரலில் பாடுகிற பெண் வேண்டியிருந்தது. ஒவ்வொருவராகச் சேர்ந்து நான் ஆறாம் வகுப்பு வரும்போது பதினைந்து பேர். அம்மா மட்டும் எப்போதோ இறங்கிவிட்டாள். நான் பிறந்ததால் என்று அவள் சொல்வாள். அவளுடைய கிதார் ஒரு பழைய போர்வையில் சுற்றிப் பரண்மேல் கிடந்தது. அதை நான் அதுவரை பார்த்ததே இல்லை.

கடைசியாகச் சேர்ந்தவர் கீபோர்டு அண்ணன். திருத்துறைப்பூண்டிக்காரர், இருபத்தைந்து வயதிருக்கும். அவர் கொண்டுவந்த கீபோர்டில் வயலின் சத்தம் வரும், புல்லாங்குழல் வரும், ஒரு பொத்தானை அழுத்தினால் குருவி கத்தும். ஒத்திகை முடிந்ததும் என்னைக் கூப்பிட்டு அந்தக் குருவிப் பொத்தானை அழுத்தவிடுவார். அந்த வயதில் எனக்கு உலகத்திலேயே பிடித்த மனிதர் அவர்தான்.

பெரியப்பாவைப் பற்றிச் சொல்லவேண்டும். அவர் டிராக்டர் ஓட்டினார், கொஞ்சம் குத்தகை நிலமும் பார்த்தார். ஆனால் அவருடைய இடம் என்று ஒன்று இருந்தால் அது டிரம்ஸுக்குப் பின்னால் இருந்த அந்த வட்ட ஸ்டூல்தான். எங்கள் தாத்தா பண்ணையார் வீடுகள் இருந்த பண்ணைத் தெருவில் சாவுக்கும் திருவிழாவுக்கும் பறையடித்தவர். கூப்பிட்டால் போயே ஆகவேண்டும். எத்தனை மணி நேரமானாலும் நின்றபடிதான் அடிக்கவேண்டும். அந்தத் தெருவில் செருப்பும் கூடாது, உட்காரவும் கூடாது. பெரியப்பாவுக்குப் பன்னிரண்டு வயதில், நீயும் வாடா என்று அந்தத் தெருவிலிருந்து கூப்பிட்டபோது, மாட்டேன் என்று சொல்லிவிட்டு மன்னார்குடிக்கு ஓடிப்போய் லாரி பட்டறையில் சேர்ந்துகொண்டாராம். பிற்பாடு பேண்டுக்காரர் ஒருவரிடம் பழைய டிரம்ஸ் செட் வாங்கியபோது, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் முன்னால் ஸ்டூல் இருக்கிறதா என்றுதான் கேட்டார் என்று கூத்தாநல்லூர் மாமா சொல்லிச் சிரிப்பார். பண்ணைத் தெரு முனையிலேயே ஒரு வருஷம் மேடை போட்டார்கள். பெரியப்பா காலில் பாலீஷ் போட்ட ஷூ மாட்டிக்கொண்டு, உட்கார்ந்து வாசித்தார். கீழே அந்தத் தெருக்காரர்கள் நின்று கேட்டார்கள். இதையெல்லாம் எங்கள் வீட்டில் யாரும் பெருமையாகப் பேசியதில்லை. பேசாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அந்த வருஷம் சித்திரை வெயிலில் வயலில் டிராக்டரை நிறுத்திவிட்டு இறங்கியவர் அப்படியே சாய்ந்துவிட்டார். வாதம். இடது கையும் இடது காலும் விழுந்துவிட்டன. தஞ்சாவூரில் ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் இருந்தார். பார்க்கப் போன கீபோர்டு அண்ணன், அவருக்குத் தைரியம் சொல்வதாக நினைத்து, கவலைப்படாதீர்கள் பெரியண்ணே, ஒரு நிகழ்ச்சியும் நிற்காது, கீபோர்டிலேயே தாளம் இருக்கிறது, பொத்தானை அழுத்தினால் அதுபாட்டுக்கு வாசிக்கும் என்றார். நல்ல மனசோடு சொன்னதுதான். பெரியப்பா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அப்பா ஜன்னலோரம் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கால் ஓரளவு வந்தது. கை மட்டும் மெதுவாக வந்தது. பெரியம்மா முறத்தில் நெல்லைக் கொட்டிக் கொடுத்து, இடது கையால் ஒவ்வொரு மணியாகப் பொறுக்கி டம்ளரில் போடச் சொல்வாள். டாக்டர் ரப்பர் பந்துதான் கொடுத்திருந்தார். பந்தை அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பது சின்னப்பிள்ளை மாதிரி இருக்கிறது என்று பெரியப்பா அதைத் தூக்கி எனக்குக் கொடுத்துவிட்டார். நெல் பொறுக்குவது வேலை மாதிரி இருந்தது. அதைச் செய்தார்.

ஆவணி கடைசியில், வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள் இரவு தங்கும் ஒரு ஊரில் நிகழ்ச்சி. பொழுது சாயும் நேரத்திலேயே ஆரம்பித்துவிட்டோம். நோய்க்குப் பிறகு பெரியப்பா முதன்முறையாக ஸ்டூலில் உட்கார்ந்தார். முதல் பாட்டு போயிற்று. இரண்டாவது வேகமான பாட்டு. டிரம்பெட்காரர்களும் தபேலாக்காரரும் பழக்கத்தில் ஓடினார்கள். பெரியப்பாவின் இடது கை பின்தங்கியது. தாளம் சரிந்து பாடுகிறவர்கள் தடுமாறியபோது, கீபோர்டு அண்ணன் சட்டென்று அந்தப் பொத்தானை அழுத்தினார். மெஷின் தாளம் கணீரென்று எழுந்து பாட்டைத் தூக்கி நிறுத்தியது. கூட்டத்துக்கு ஒன்றும் தெரியவில்லை. நான் மேடைக்குப் பக்கவாட்டில் சாக்கில் உட்கார்ந்திருந்தேன். பெரியப்பா நிறுத்தவில்லை. குச்சிகள் தோலில் படாமல், காற்றில் அசைத்துக்கொண்டே பாட்டு முடியும்வரை உட்கார்ந்திருந்தார். கால் மட்டும் ஆடாமல் இருந்தது. அந்த நாலு நிமிஷத்தை இன்றைக்கும் நினைக்க முடியவில்லை.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து, அப்பா எல்லோரையும் ஓட்டுக் கொட்டகைக்கு வரச் சொன்னார். இனிமேல் நிகழ்ச்சி ஒப்புக்கொள்ளப் போவதில்லை என்றார். பழைய பாட்டுகளை, தொடங்கியபோது வாசித்த மாதிரியே, நாலு பேராக ஒரு கேசட்டாகப் போடப் போகிறேன் என்றார். மற்றவர்கள் வேறு குழு பார்த்துக்கொள்ளலாம், யார் மேலும் வருத்தமில்லை என்றார். காரணம் கேட்டார்கள். சத்தம் அதிகமாகிவிட்டது, குறைக்கவேண்டும், அவ்வளவுதான் என்றார். வகுப்பில் கணக்குச் சொல்லிக் கொடுக்கும் குரலில் சொன்னார்.

எல்லோரும் எழுந்து போனபிறகும் கீபோர்டு அண்ணன் போகவில்லை. நான் வாசல் படியில் நின்றிருந்தேன்.

"நான் என்ன தப்பு பண்ணினேன் சார்?" என்று கேட்டார்.

"தப்பு ஒண்ணும் இல்லப்பா. இந்தப் பாட்டுல கீபோர்டுக்கு இடம் இல்ல."

அண்ணன் கீபோர்டை உறையில் போட்டு, சைக்கிள் கேரியரில் கட்டி, என் பக்கம் பார்க்காமலே போனார். அன்று சாயங்காலம் அப்பாவோடு நான் பேசவில்லை. அவர் அதைக் கவனிக்கவும் இல்லை.

ஆனால் உண்மையைச் சொன்னால், அதற்குப் பிறகு வந்த நாட்கள்தான் என் பிள்ளைப் பருவத்திலேயே நல்ல நாட்கள். புரட்டாசி முழுவதும் ஒத்திகை. பள்ளிக்கூடம் விட்டதும் நேராகக் கொட்டகைக்கு ஓடுவேன். சம்பா நட்டு முடிந்திருந்தது. வயலெல்லாம் தண்ணீர் நின்று, இளம்பயிர் வரிசை வரிசையாக இருக்கும். கூத்தாநல்லூர் மாமா இரண்டு பஸ் மாறி வந்து, குடையை மடக்கி மூலையில் சாத்திவிட்டு, வீட்டிலிருந்து மாமி கொடுத்தனுப்பிய தம்ரூட் என்ற ரவைப் பலகாரத்தை வாழையிலையில் பிரித்து வைப்பார். அவர் அதிகம் பேசமாட்டார். கண்ணை மூடிக்கொண்டு பேஸை மீட்டும்போது கொட்டகையின் பெஞ்சுகள் லேசாக அதிரும். நான் பெஞ்சில் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொண்டு அந்த அதிர்வைக் கேட்பேன்.

பரண்மேல் இருந்த கிதாரை அம்மா இறக்கிய நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. போர்வையைப் பிரித்தபோது நாப்தலின் உருண்டை வாசனையும் பழைய மரத்தின் வாசனையும் கலந்து வந்தன. கம்பிகள் துருப்பிடித்திருந்தன. அம்மா அதை மடியில் வைத்துக்கொண்டு, தன் விரல் நுனிகளைப் பார்த்தாள். சாணை பிடிக்காத அரிவாள் மாதிரி ஆகிவிட்டது என்றாள். ஒரு வாரத்தில் அந்த நுனிகள் கொப்பளித்து, உரிந்து, காய்த்துப் போயின. ராத்திரிச் சாப்பாட்டுக்கு உப்புப் போட்டுப் பிசையும்போது எரிகிறது என்று சொல்லிக்கொண்டே சிரிப்பாள். நான் அதற்கு முன்னால் என் அம்மா அப்படிச் சிரித்துப் பார்த்ததில்லை. அடுக்களையில் வேலை செய்யும்போது முனகிக்கொண்டிருப்பாளே, அது பாட்டு என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

பாட்டுகள் எளிமையாக இருந்தன. பெரியப்பாவின் வலது கால் ஒன்று போடும், இடது கை ஒன்று போடும். அவ்வளவுதான். அலங்காரம் கிடையாது, உருட்டல் கிடையாது. இடது கை கொஞ்சம் பிந்தியே விழும். மற்ற மூன்று பேரும் அதைத் தங்களுக்குள் பேசிவைத்த மாதிரி அந்த நொடிக்காக நின்று, சேர்ந்து இறங்குவார்கள். தண்ணீர் வாய்க்காலில் வந்து ஒரு மடையில் தேங்கி, நிறைந்து, வழிந்து அடுத்த வயலுக்கு இறங்குமே, தண்ணிப் பாட்டு அப்படி இருந்தது. பதினைந்து பேர் வாசித்தபோது எனக்கு ஒரு பாட்டிலும் நடுவே காற்று இருப்பது தெரிந்ததில்லை.

சைக்கிள் பாட்டை மட்டும் அவர்கள் எடுக்கவே இல்லை. அது டிரம்ஸ் உருட்டலில் ஆரம்பிக்கும் வேகப் பாட்டு.

ஊரில் பேச்சு வேறு மாதிரி இருந்தது. பன்னிரண்டு பேரின் பிழைப்பைக் கெடுத்துவிட்டு, வாத்தியார் தன் பெண்டாட்டியை மேடை ஏற்றப் பார்க்கிறார் என்றார்கள். அம்மா தண்ணீர் எடுக்கப் போனால் பைப்படியில் பேச்சு நிற்கும். வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் தபேலாக்காரரின் மகள். ஒருநாள் எல்லோருக்கும் கேட்கும்படி, உங்க அம்மாவுக்கு மேடை ஆசை வந்துட்டுதாம்ல என்றாள். நான் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன். அடுக்களையில் அப்பாவும் அம்மாவும் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் வந்தது அவர்களுக்குத் தெரியாது.

எல்லோரிடமும் சொல்லிவிட்டால் என்ன என்று அம்மா கேட்டாள். அப்பா வேண்டாம் என்றார்.

"பதினஞ்சு பேரு ஓடுனா அண்ணன் தனியா பின்னால நின்னுடுவாரு. நாலு பேருன்னா அவருக்காக நாம நிக்கலாம். இது அவருக்குத் தெரிஞ்சா அந்த ஸ்டூல்ல மறுபடி உக்காருவாருன்னு நெனக்கிறியா?"

அம்மா அடுப்பை ஊதத் தொடங்கினாள்.

எனக்குப் பதினொரு வயது. என் அம்மா மேல் பழி விழுகிறது, என் கீபோர்டு அண்ணன் போய்விட்டார், எல்லாம் பெரியப்பாவால் என்று மட்டும்தான் புரிந்தது. பையைக்கூட இறக்கி வைக்காமல் பெரியப்பா வீட்டுக்குப் போனேன். அவர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து நெல் பொறுக்கிக்கொண்டிருந்தார். டம்ளரில் கால்வாசி இருந்தது. அப்பா சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன்.

பெரியப்பா தலையைத் தூக்கவில்லை. உங்க அப்பா உன்னிடம் சொன்னானா என்று கேட்டார். இல்லை, அம்மாவிடம் சொன்னதைக் கேட்டேன் என்றேன். இன்னும் இரண்டு மணி பொறுக்கிப் போட்டார். மூன்றாவது விரலில் நிற்காமல் நழுவியது. அதைத் திரும்ப எடுக்கவில்லை. உள்ளே பார்த்து, பாப்பா பள்ளிக்கூடத்திலிருந்து அப்படியே வந்திருக்கிறது, ஏதாவது கொடு என்று பெரியம்மாவிடம் சொன்னார். பெரியம்மா அவல் கொடுத்தாள். என்ன செய்துவிட்டேன் என்பது அவலை மென்றுகொண்டிருக்கும்போதுதான் தெரிய ஆரம்பித்தது.

இரண்டு நாள் பெரியப்பா ஒத்திகைக்கு வரவில்லை. உடம்பு சரியில்லையாம் என்று சொல்லி அனுப்பினார். மூன்று பேரும் டிரம்ஸ் இல்லாமல் கொஞ்ச நேரம் வாசித்துப் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டார்கள். வெளியே மழை பிடித்துக்கொண்டது. அப்பா குடை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டு வந்தார். காய்ச்சல் ஒன்றும் இல்லையே, சும்மா இருக்கிறார் என்று அம்மாவிடம் சொன்னார். நான் பாடப் புத்தகத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டிருந்தேன். அப்போது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மூன்றாம் நாள் பெரியப்பா வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்தார். எப்போதும் போல வாசித்தார். என்னைப் பார்த்து, என்ன பாப்பா பரீட்சை வருதா என்று கேட்டார். நான் அவரைக் கண் கொண்டு பார்க்கவில்லை.

கார்த்திகையில் பதிவு. தஞ்சாவூரில் ஒரு வீட்டு மாடியில் ஸ்டுடியோ. சுவரெல்லாம் கயிற்றுப் பாய் அடித்திருந்தார்கள். மின்விசிறிச் சத்தம் பதிவாகும் என்று அதை நிறுத்திவிட்டார்கள். மழைக்காலத்திலும் உள்ளே புழுங்கியது. என்னைக் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம், பதிவு செய்கிறவரின் பக்கத்தில் முக்காலியில் உட்காரவைத்தார்கள். தண்ணிப் பாட்டில் ஆரம்பிப்பதாக ஏற்பாடு.

பெரியப்பா இடது கைக் குச்சியை, சைக்கிள் டியூபிலிருந்து வெட்டிய ஒரு துண்டால் விரல்களோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். பிறகு சொன்னார்.

"முதல்ல சைக்கிள் பாட்டு."

அது லிஸ்ட்டிலேயே இல்லையே என்றார் அப்பா. இருக்கட்டும், எடு என்றார் பெரியப்பா. அவர் அந்தக் குரலில் சொன்னால் அப்பா மறுத்துப் பேசமாட்டார். கூத்தாநல்லூர் மாமா கண்ணைத் திறந்து இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, பேஸைத் தோளில் சரிசெய்துகொண்டார்.

பெரியப்பா உருட்டலை ஆரம்பித்தார். வலது கை மழை மாதிரி விழுந்தது. இடது கை அதைத் துரத்தி, எட்டாமல், மறுபடி துரத்தியது. மற்றவர்கள் சேர்ந்துகொள்ள வேண்டிய இடம் வந்தது, சேர்ந்துகொண்டார்கள், நாலு சுற்றுக்கூட முடிந்திருக்காது. குச்சி ரப்பரை உருவிக்கொண்டு போய்ச் பித்தளைத் தட்டு மாதிரி நின்றுகொண்டிருந்த சிம்பலில் மோதிக் கீழே விழுந்து உருண்டது. எல்லோரும் நிறுத்தினார்கள். பதிவு செய்கிறவர் கையைப் பொத்தான் மேல் வைத்தபடி இருந்தார்.

பெரியப்பா மூச்சு வாங்கினார். முகமெல்லாம் வியர்வை.

"பாத்தாச்சா எல்லாரும்? இனிமே என் கை இவ்வளவுதான்" என்றார். "இதை மறைக்கிறதுக்குப் பன்னெண்டு பேரை வீட்டுக்கு அனுப்பியிருக்க வேண்டாம் தம்பி."

அப்பா கிதாரைப் பிடித்தபடி நின்றார். அம்மா குனிந்து குச்சியை எடுத்து, பெரியப்பாவின் கையில் வைத்து, ரப்பரைத் தானே இழுத்துக் கட்டினாள். ரொம்ப இறுக்கமா அத்தான் என்று மட்டும் கேட்டாள். இல்லம்மா என்றார்.

"சரி, தண்ணிப் பாட்டை எடு. அது என்னால முடியும். நல்லாவே முடியும்."

கண்ணாடி வழியாக அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். கோபம் இல்லை. நான் முக்காலியில் கால் ஆட்டுவதை நிறுத்திவிட்டேன். பதிவு செய்கிறவர் பொத்தானை அழுத்தினார். அன்று ஒரே நாளில் எட்டுப் பாட்டும் முடிந்தன. கீழே சாலையில் பஸ் ஹாரன் விழுந்த இரண்டு பாட்டை மட்டும் திரும்ப வாசித்தார்கள்.

கேசட் கிறிஸ்துமஸுக்கு வந்தது. பெரிதாக ஓடவில்லை. மன்னார்குடியில் கேசட் கடைக்காரர் கொஞ்ச நாள் வாசல் ஸ்பீக்கரில் போட்டார். வாங்கியவர்கள், பழைய காலம் மாதிரி இருக்கிறது, வாத்தியார் மூலத்துக்கே திரும்பிவிட்டார் என்று பேசிக்கொண்டார்கள். அப்பா அதை மறுக்கவும் இல்லை, ஆமாம் என்று சொல்லவும் இல்லை. பெரியப்பா அதற்குப் பிறகு ஐந்து வருஷம் உயிரோடு இருந்தார். கிறிஸ்துமஸ் பூசைக்கும் உயிர்ப்பு ஞாயிறுக்கும் கோயிலில் வாசித்தார், உட்கார்ந்தே. இப்போது அந்தக் கேசட் எங்கே என்று கேட்காதீர்கள். என்னிடம் இருந்த ஒன்று புயலில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது நனைந்து, காயவைத்தபின் ஒரு பக்கம் வெறும் இரைச்சல் ஆகிவிட்டது. வேறு யாரிடமாவது இருக்குமா என்று எங்கெங்கோ விசாரித்துவிட்டேன். அம்மாவின் கிதாரை என் தம்பி வீடு மாற்றும்போது யாருக்கோ கொடுத்துவிட்டான். கேட்டால், அது வாசிக்கிற நிலைமையிலா இருந்தது என்கிறான்.

நான்தான் பெரியப்பாவிடம் சொன்னது என்று அப்பாவிடம் கடைசிவரை சொல்லவில்லை. பெரியப்பாவும் சொல்லியிருக்கமாட்டார். அப்பா இறந்தபிறகு, ஒருவேளை தெரிந்தேதான் இருந்தாரோ என்று நினைத்துக்கொள்வேன். இன்று நான் அப்போதைய அப்பாவைவிட மூத்தவள். அவர் செய்த காரியத்தின் அன்பு புரிகிறது. அதில் இருந்த பிசகும் தெரிகிறது. அந்தப் பன்னிரண்டு பேரும் பெரியப்பாவோடு பல வருஷம் ஒரே வேனில் போய் வந்தவர்கள். ஒரே சாப்பாட்டைச் சாப்பிட்டவர்கள். அவர்களிடம் சொல்லியிருந்தால் புரிந்துகொள்ள மாட்டார்கள் என்று எப்படி முடிவு செய்தார்? அண்ணனின் மானத்தைக் காப்பதாக நினைத்து, மற்ற எல்லோருடைய மனசையும் குறைத்து எடைபோட்டுவிட்டார்.

இதை நானாகக் கண்டுபிடிக்கவில்லை. கீபோர்டு அண்ணன் வந்து சொன்னார்.

கேசட் வந்த பிறகு வந்த மாசி மாதம், சம்பா அறுத்து முடிந்து, வயலில் உளுந்து முளைத்திருந்த சமயம். ஒரு ஞாயிறு மத்தியானம் வாசலில் சைக்கிள் நின்றது. அண்ணன் மெலிந்திருந்தார். கூத்தாநல்லூர் மாமாவின் சொந்தக்காரர் மூலமாகச் சிங்கப்பூரில் வேலை கிடைத்திருப்பதாகவும், அடுத்த வாரம் கிளம்புவதாகவும் சொன்னார். மாமா அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். பெரியப்பா அன்று எங்கள் வீட்டில்தான் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு எங்கள் வீட்டில்.

அம்மா கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு அண்ணன் சொம்பைக் கீழே வைத்தார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்தப் பட்டனை நானே அணைச்சிருப்பேனே சார்."

அப்பா அந்தச் சொம்பை எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு, "சொல்லியிருக்கணும்ப்பா" என்றார். எங்கள் வீட்டில் அப்பா தன் தப்பை ஒப்புக்கொண்டு நான் கேட்டது அந்த ஒரு முறைதான். பெரியப்பா நாற்காலியை அண்ணன் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஆஸ்பத்திரியில் உன்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை, அதை மனசில் வைத்துக்கொள்ளாதே என்றார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

சாப்பிட்ட பிறகு, கேசட்டில் கேட்டதை நேரில் ஒரு தடவை கேட்கவேண்டும் என்றார் அண்ணன். டிரம்ஸ் கொட்டகையில் இருந்தது. பெரியப்பா சாப்பிட உட்கார்ந்த மணைப் பலகையைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார். அப்பாவும் அம்மாவும் கிதாரை எடுத்தார்கள். தண்ணிப் பாட்டு. அண்ணன் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். கை சும்மா இருக்க முடியாத ஆள் அவர். விரல்கள் தொடை மேல் இல்லாத கட்டைகளைத் தேடிக்கொண்டிருந்தன.

"இதுல நான் எங்க சேர்றது?" என்று கேட்டார்.

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா வாசிப்பதை நிறுத்தாமலே சொன்னாள், கை தட்டுங்க தம்பி, அதுக்கு இடம் இருக்கு.

அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். பெரியப்பாவின் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கை எழுந்து, ஒரு இழை தாமதித்துப் பலகையில் விழுந்தது. அண்ணன் கைகளும் அதே இழை தாமதித்துத் தட்டின. அடுத்த முறையும். அதற்கடுத்த முறையும். பாட்டு முடியும்வரை ஒன்றுகூட முந்தவில்லை.